இடது கன்னம்

பருவமெல்லாம் தாண்டி முப்பத்தொன்றில்
வந்தது பரு.
கன்னங்களில் ஒரு கூட்டம், தாடையில் இரண்டு மூன்று.
கிள்ளாதே என்றாள் அறைத்தோழி ம்பயாங்.
சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம்
கை தானாகப் போகும்.
டக்காரில் எத்தனை சிக்னல் என்று
என் முகத்தைப் பார்த்தே எண்ணிவிடலாம்.

பரு போய்விட்டது.
உட்கார்ந்து எழுந்த இடம் மட்டும் தங்கிவிட்டது,
தேநீர்க் குவளை வைத்த மேசை போல.

கறுத்த தோல் எனக்கு.
அதற்குள் அதைவிடக் கறுப்பாய்ப் புள்ளிகள்.
"இருட்டுக்குள் இருட்டு, யார் பார்க்கப் போகிறார்கள்"
என்றார் விமான நிலையம் போன ஒருவர், பின் இருக்கையிலிருந்து.
பேசிய கூலிக்கு மேல் ஐந்நூறு ஃபிராங்க் கேட்டேன்.
எதற்கென்று கேட்காமல் கொடுத்தார்.

ஸண்டாகா சந்தையில் ஒரு டப்பா வாங்கினேன்.
மூடியில் சிரித்தவளின் தோலில்
ஒரு மயிர்த்துளைகூட இல்லை.
உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று எங்கும் எழுதவில்லை.
விற்றவளின் முகம் வெளிறிக் கிடந்தது,
விரல் முட்டிகள் மட்டும் அவள் பிறந்த நிறத்தில்.
பார்த்தேன்.
பார்த்துவிட்டும் வாங்கினேன்.
இதை மறைத்தால் மற்றதைச் சொல்லி என்ன?

பதினோரு நாள் எரிந்தது.
புள்ளி வெளுக்கவில்லை,
சுற்றியிருந்த இடம் வெளுத்தது.
கறைக்கு இப்போது ஒரு வளையம்,
நிலாவுக்குக் கோட்டை கட்டியது மாதிரி.
மழை வரும் என்பார்கள். எனக்குக் கண்ணீர் வந்தது,
ருஃபிஸ்க் சாலையில், மூன்று பயணிகளை வைத்துக்கொண்டு.

டாக்டர் ஸெய்னபு கேன்
குப்பைத்தொட்டியைக் காலால் திறந்து
டப்பாவைப் போட்டார். திட்டவில்லை.
திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.
வில்லை வைத்து வலது கன்னம் பார்த்தார்,
இடது பார்த்தார், திரும்ப வலது.
"என்ன வேலை?"
"டாக்ஸி."
"அதுதானே," என்று சிரித்தார்.
"ஜன்னல் பக்கம் மட்டும் இரண்டு பங்கு கறுத்திருக்கிறது.
கண்ணாடியை ஏற்றினாலும் வெயில் உள்ளே வரும்,
கூலி கொடுக்காத பயணி."

இரவில் பட்டாணி அளவு களிம்பு.
காலையில் வெயில் பூச்சு, இரண்டு விரல் நீளம்.
மதியம் மறுபடியும்.
கிள்ளக் கூடாது, தேய்க்கக் கூடாது, எலுமிச்சை கூடவே கூடாது.
"எத்தனை நாளில் போகும்?"
"நாளா? மாதக் கணக்கில் கேளுங்கள்."

பூச்சு போட்ட முதல் காலை
சாம்பல் பூத்த கத்தரிக்காய் ஆனேன்.
ம்பயாங் படுக்கையில் உருண்டு உருண்டு சிரித்தாள்.
பிறகு தன் பழைய நீலப் பாவாடையைக் கிழித்து
ஜன்னலுக்குத் திரை தைத்துக் கொடுத்தாள்.

அந்தத் திரைக்காகக் கொலோபானில் விசில் ஊதினார்கள்.
சட்டைப் பட்டையில் பெயர்: ந்கோர் ஃபாய்.
"திரை போட்டு ஓட்டக் கூடாது, தெரியாதா?"
உரிமத்தோடு மருந்துச் சீட்டையும் நீட்டினேன்.
வரி வரியாக வாசித்தார்.
பின்னால் பேருந்துகள் கத்தின.
சட்டைக் காலரை ஒரு விரலால் இழுத்துக் காட்டினார்,
சவரக்கத்தி விதைத்த கொப்புளங்கள்,
அவை விட்டுப்போன கறுப்புக் கடுகுகள்.
"கழுத்துக்கும் இது கேட்குமா?"
"கேட்கும். கொஞ்சம் காது மந்தம்,
தினமும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்."
மருந்தின் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.
அப்புறம் அபராதத்தையும் எழுதினார்,
மூவாயிரம்.

திரையைக் கழற்றிவிட்டேன்.
பூச்சு மட்டும், தொப்பி மட்டும்,
எதிரில் வரும் வெயிலுக்கு ஒரு சின்ன வசவு.

ஐந்தாவது மாதம்.
இடது கன்னம் இன்னும் பிடிவாதம்.
சிவப்பு விளக்கு. கை புறப்படுகிறது,
பாதி வழியில் கியரைப் பிடித்துக்கொள்கிறது.
கண்ணாடியில் பார்க்கிறேன்,
வலது கன்னத்தில் ஒன்றைக் காணோம்.
அது எந்த சிக்னலுடையது என்று
யோசித்துக்கொண்டிருக்கும்போதே
பின்னால் ஹாரன்.